ஆக்டேவியா ஆர்எஸ்: டர்போ பூஸ்ட் நிக்க மாட்டேங்குது, உதவி வேணும்

அண்ணன்மாருக்கு வணக்கம். நான் குளச்சல். வண்டி 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், 1.8 டர்போ பெட்ரோல்.

ஊருக்குள்ள ஓட்டும்போது ஒரு குறையும் தெரியல. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் ரோட்டுல, மூணாவது கியர்ல 3000 ஆர்பிஎம்முக்கு மேல அழுத்தினா, பூஸ்ட் மீட்டர் (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தத்தைக் காட்டுறது) முள் 0.5 பார் வரைக்கும் ஏறி அப்படியே 0.2க்கு விழுது. கூடவே டயர்ல காத்து இறங்குற மாதிரி 'உஸ்ஸ்'னு சத்தம். ஸ்கேன் பண்ணினா பி1297ங்கிற எரர் கோட் வருது. அதாவது டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல அழுத்தம் குறையுது.

ஒர்க்‌ஷாப்ல டர்போவையே மாத்தணும்ங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. நீலப் புகை இல்ல, ஆயில் குறையல, டர்போ ஷாஃப்ட்ட விரலால அசைச்சுப் பார்த்தாலும் ஆட்டம் இல்ல. ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பி விடுற டைவர்ட்டர் வால்வைக் கழட்டி வேக்குவம் கொடுத்துப் பார்த்தேன், டயாஃப்ரம் நல்லாப் பிடிச்சு நிக்குது. அதனால என் சந்தேகமெல்லாம் டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸ் மேலயும், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஓடுற சின்ன வேக்குவம் குழாய்கள் மேலயும்தான். அந்தச் சின்னக் குழாய்கள்ல ஒண்ணு சூட்டுல வெந்து, மடக்கினா ஓரத்துல வெடிப்பு தெரியுது. கடல் காத்துல வேஸ்ட்கேட் (பூஸ்ட் கூடாம எக்ஸாஸ்ட்டைத் திருப்பி விடுற கதவு) லிவர் வேற துருப்பிடிச்சிருக்கு, முழுசா மூடுதா இல்லையான்னு பார்க்கணும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள்ள புகை விட்டு ஓட்டை கண்டுபிடிக்கிறது) பண்ணித் தர்றவங்க யாராவது இருக்காங்களா? திருவனந்தபுரம்னாலும் சரி, கொண்டு வந்திருவேன். வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்துற என்75 வால்வை வண்டியில வச்சே சோதிக்க வழி இருந்தா அதையும் சொல்லுங்க. ஹோஸுக்கு ஒரிஜினல் ரப்பரே போடவா, சிலிக்கான் போடவா? அப்பா ஆசைப்பட்டு வாங்கின வண்டி, தேவையில்லாம டர்போவைக் கழட்ட எனக்கு விருப்பமில்ல.