எண்ணிக்கொண்டே நடந்த மூன்று கிலோமீட்டர்

திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 54. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. ராத்திரி சரியாகத் தூங்காத அசதி என்று விட்டுவிட்டேன். மனைவி கொடுத்த காபி வலது கடைவாயில் வழிந்தபோதுதான் அவள் முகம் மாறியது. "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது ஏதோ குழறல். அவள் என்னைப் படுக்க விடவில்லை. உடனே 108க்குப் போன் செய்தாள். எனக்கு வந்தது பக்கவாதம்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு இவர் நன்றாக இருந்தார்?" என்பதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவு என்றால் அந்த ஊசியே ஆபத்து. பால்காரர் வந்துபோன நேரத்தை வைத்து, ஆறே கால் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இன்று இதை நான் இரண்டு கையாலும் டைப் செய்கிறேன் என்றால் அந்த ஆறே கால்தான் காரணம்.

ஊசி போட்டதும் எழுந்து நடந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடைப்பு மூளையின் இடது பக்கம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் விழுந்துவிட்டன. தண்ணீர் கேட்க நினைத்தால் "சாவி" என்று வரும். மகள் பெயர் வரவே இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா "ஒன்று, இரண்டு" என்று ஆரம்பித்து வைத்ததும், பத்து வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேன்! எண்ணிக்கை, பாட்டு, ஸ்லோகம் மாதிரி நாக்கில் ஊறிப்போனவை பலருக்கு முதலில் திரும்பி வருமாம். மகள் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கால்தான் ரொம்பப் படுத்தியது. பாதம் தொங்கிப்போய் விரல்நுனி தரையில் இழுபடும். கணுக்காலைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் கொடுத்தார்கள். செருப்பு காலில் நிற்காது, ஷூதான். அதிலும் வலது ஷூவின் முனை மட்டும் தேய்ந்துபோகும். பிசியோதெரபி தம்பி வாரா வாரம் அதைத் திருப்பிப் பார்ப்பார். "தேய்மானம் குறைஞ்சிருக்கு சார்" என்று அவர் சொன்ன அன்று எனக்கு வந்த தெம்பு எந்த ரிப்போர்ட்டிலும் வந்ததில்லை.

"ஆறு மாசத்துக்குள்ள வந்தா வந்தது, அப்புறம் அவ்வளவுதான்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அது உண்மை. ஆனால் என் வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டது பதினான்காம் மாதம். அதனால் யார் சொன்னாலும் பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஆட்டோ செலவுக்குப் பயந்து பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் நிறைய. அவர்களுக்காகவும், ஸ்ப்ளின்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்காகவும் பணம் திரட்ட அந்தத் தம்பியும் நண்பர்களும் ஒரு நடை ஏற்பாடு செய்தார்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நானும் வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து மூன்று மாதம் தினமும் பார்த்தசாரதி கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றினேன். கடையில் ஒரு உண்டியல் வைத்தேன். ஹால் டிக்கெட் பிரதி எடுக்க வரும் பிள்ளைகள்கூட மீதிச் சில்லறையை அதில் போட்டார்கள். மொத்தம் 11,350 ரூபாய் சேர்ந்தது.

அன்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். எனக்குத் தெரிந்த வழி எண்ணுவதுதான். நூறு அடி, நிற்பது, மறுபடி ஒன்று. கண்ணகி சிலை வரை ஒன்றும் தெரியவில்லை. விவேகானந்தர் இல்லம் நெருங்கும்போது கெண்டைச்சதை கட்டையாக விறைத்தது. நடைபாதைத் திண்டில் உட்காரவைத்து, மனைவி ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி நீவிவிட்டாள். கூட வந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு காந்தி சிலை பக்கத்தில் எண்ணிக்கை தவறிப்போனது. எங்கே விட்டேன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது: பக்கத்தில் வந்த பெரியவரிடம் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே நடந்திருக்கிறேன்.

கலங்கரை விளக்கத்தைத் தொடும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

*

அண்ணே, மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு ராத்திரி தூக்கத்திலேயே வந்துவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாததால் ஊசி போட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். அவர்களுக்கும் அம்மா மேல் பாசம்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் வலது பக்கம்தான், பேச்சு இன்னும் வரவில்லை. நீங்கள் எண்ணிக்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் குழந்தையை அம்மா மடியில் வைத்து "ஆராரோ" என்று எடுத்துக்கொடுத்தேன். "ஆரிரரோ" என்று அம்மா முடித்தார்கள். எட்டு மாதத்தில் நாங்கள் கேட்ட முதல் சொல் அது. வண்டியூர் தெப்பக்குளத்தில் நடக்கக் கூட்டிப்போகலாமா?

*

தங்கச்சி, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பிரஷர் பாருங்கள். வெயிலுக்கு முன்னால் போங்கள், உட்கார இடமுள்ள பக்கமாக நடங்கள். நீங்கள் அம்மாவுக்கு வலது பக்கமாகவே வாருங்கள், சாய்ந்தால் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள். தாலாட்டை நடக்கும்போதும் பாடுங்கள். ஒரு மாதம் கழித்து வலது ஷூவின் முனையைத் திருப்பிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.