உதவி: பட்டர்எஃப்எஸ் ரெய்டு1 மாத்துறது 20 ஜிபியிலயே நிக்குது

பாம்பன்காத்து: அவசரம். ஒரு டிஸ்க்ல இருந்த பட்டர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தை ரெய்டு1-ஆ, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒவ்வொரு பிரதியா, மாத்துறேன். ஸ்கிரிப்ட் ராத்திரி பூரா ஓடியும் 20 ஜிபியைத் தாண்டல. எரரும் இல்ல.

உப்பளம்: டிஸ்க் எத்தனை டிபி? எவ்வளவு நிறைஞ்சிருக்கு? ஸ்கிரிப்ட்டைக் காட்டாம என்னத்தைச் சொல்ல?

கீழக்கரையான்: கேபிள்தான். கடக்கரை உப்புக்காத்துக்கு சாட்டா பின் பச்சை பூத்துரும். ஸ்மார்ட்ல, டிஸ்க்கோட உடல்நலக் கணக்குல, 199 (கேபிள் வழிப் பிழையைக் காட்டுற சிஆர்சி எண்ணிக்கை) ஏறுதான்னு பாருங்க.

பழைய_சர்வர்: எங்க இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்துல ஸீபூல் அட்டாச், ஒரே வரி, மிரர் (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே பிரதி) ரெடி. மேனுவல் படிக்காம ஸ்கிரிப்ட் எழுதினா இப்படித்தான் தம்பி.

உப்பளம்: அந்த மிரரை நாளைக்கு ரெய்டு-இசட்டா (ரெய்டு5 மாதிரியான அமைப்பு) மாத்திக் காட்டுங்க. பூலையே, டிஸ்க் தொகுப்பையே, புதுசாக் கட்டணும்.

பழைய_சர்வர்: உங்க பட்டர்எஃப்எஸ் ரெய்டு5-ல ரைட் ஹோல், எழுதும்போது கரண்ட் போனா டேட்டா கெடுற ஓட்டை, இன்னும் கிடக்கு. அதுக்கு மாத்தி என்ன லாபம்?

பாம்பன்காத்து: ரெண்டும் 4 டிபி, 1.7 டிபி நிறைஞ்சிருக்கு. 199 பூஜ்யம். கரண்ட் அடிக்கடி போகும், அதான் இருபது இருபது சங்க்கா (டேட்டா துண்டு) லூப்புல: பேலன்ஸ் ஸ்டார்ட் -டிகன்வர்ட்=ரெய்டு1,லிமிட்=20

தொண்டி_லினக்ஸ்: 'சாஃப்ட்' விட்டுப்போச்சு, ஏற்கனவே மாறினதைத் தாண்டிப்போற ஆப்ஷன் அது. பேலன்ஸ், சங்க்கை எடுத்து மறுபடி எழுதுற வேலை, மேல் முகவரியிலிருந்து கீழ இறங்கும். புதுசா எழுதுற சங்க் எப்பவும் மேல்முனையிலதான் உக்காரும். அதனால ஒவ்வொரு சுத்துலயும் போன சுத்துல மாத்துன அதே 20 சங்க்கையே, சங்க்குக்கு 1 ஜிபி, மறுபடி எழுதிட்டிருக்கீங்க. டிமெசேஜ் (கெர்னல் பதிவு) பாருங்க: 'ரீலொகேட்டிங் பிளாக் குரூப்' வரி கடைசில 'டேட்டா|ரெய்டு1'னு இருக்கும். வெறும் 'டேட்டா'ன்னு வந்தாத்தான் பழசு நகருது.

-டிகன்வர்ட்=ரெய்டு1,சாஃப்ட்,லிமிட்=20 போடுங்க. உண்மையில லூப்பே வேணாம். நடுவுல கரண்ட் போனாலும் அடுத்த மவுன்ட்ல (டிஸ்க்கைத் திறந்து இணைக்கும்போது) பேலன்ஸ் தானாத் தொடரும், அப்ப கெர்னலே சாஃப்ட்டைச் சேர்த்துக்கும். உடனே தொடரக் கூடாதுன்னா ஸ்கிப்_பேலன்ஸ் போட்டு மவுன்ட் பண்ணுங்க.

அதுக்கும் முன்னாடி -எம்கன்வர்ட்=ரெய்டு1,சாஃப்ட். உங்க வரியில மெட்டாடேட்டாவே, எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கே, இல்ல. அது டூப்பா ஒரே டிஸ்க்ல ரெண்டு பிரதியாக் கிடந்தா, அந்த டிஸ்க் போன அன்னிக்கு டேட்டா ரெண்டுலயும் இருந்தும் மவுன்ட் ஆகாது. சில ஜிபிதான், சீக்கிரம் முடிஞ்சிரும்.

கீழக்கரையான்: 199 இன்னிக்கு பூஜ்யம். ஆடிக் காத்து முடியட்டும், அப்புறம் பாருங்க.

பழைய_சர்வர்: பாதி வழியில நிக்கிற ஃபைல்சிஸ்டத்தை நம்பி ஒரு தொழிலா!

உப்பளம்: உங்க இசட்எஃப்எஸ் ரீசில்வரும் (புது டிஸ்க்ல பிரதி நிரப்புற வேலை) பாதியில நின்னு தொடரத்தான் செய்யுது.

பாம்பன்காத்து: சாஃப்ட் போட்டேன். 63 ஜிபி ஆச்சு, ஏறுது. நன்றிண்ணே.

தொண்டி_லினக்ஸ்: மெட்டாடேட்டா மாத்தியாச்சா?

தொண்டி_லினக்ஸ்: தம்பி?