வயோமிங் எல்எல்சியா, துபாய் லைசென்ஸா? கீழக்கரையிலிருந்து ஆன்லைன் விற்பனைக்கு வரி எங்கே?

கீழக்கரை டிசைன்:
இணையதள டெம்ப்ளேட், பிளகின் சந்தா விற்கிறேன். வேலை முழுக்க கீழக்கரை வீட்டிலிருந்துதான். வாங்குபவர்கள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும். வருட லாபம் 20 லட்சம் வரும். கார்டு பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் இங்கே அழைப்பு இல்லாமல் கிடைப்பதில்லை. அதனால் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி), இல்லையென்றால் துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) பெயரில் ஃப்ரீ ஸோன் (வரிச் சலுகை மண்டல) லைசென்ஸ் என்று யோசனை. "ரெண்டிலும் வரி பூஜ்யம், ஊருக்கு எடுக்கும் பணத்துக்கு மட்டும் கட்டினால் போதும்" என்கிறார் பதிவு ஏஜென்ட். சரிதானா?

சேதுக்கரை:
சரியில்லை. முடிவெடுப்பது எல்லாம் இங்கே என்றால், 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 6(3)படி அந்தக் கம்பெனியே இந்தியாவில் குடியிருப்பதாக ஆகிவிடும். உலகம் முழுக்க வரும் லாபத்துக்கும் இங்கே வரி.

பாம்பன் கணக்கு:
சேதுக்கரை சொல்லும் விதி இவருக்கு வராது. 2017-ஆம் வருட 8-ஆம் எண் சுற்றறிக்கை, ஆண்டு வரவு 50 கோடிக்கு மிகாத வெளிநாட்டுக் கம்பெனிகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. மாட்டுவது பிரிவு 9-ல். இந்தியாவில் நடக்கும் வேலைக்கு உரிய லாபம் இந்திய வருமானம். கோடு எழுதுவது, சப்போர்ட் மெயிலுக்குப் பதில், விலை வைப்பது எல்லாமே கீழக்கரையில் என்றால் ஏறத்தாழ முழு லாபமும் இங்கேதான். ஒரே ஆள் எல்எல்சியை அமெரிக்கா தனி வரிதாரராகவே பார்ப்பதில்லை. ஆகவே இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிப்பதும் கஷ்டம்.

2025-26 விகிதத்தில் கணக்கு: லாபம் 20 லட்சம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு 35%, செஸ் சேர்த்து 36.4%, அதாவது 7,28,000. மீதி 12,72,000-ஐ உங்கள் கைக்கு எடுத்தால், வேறு வருமானம் இல்லாவிட்டாலும் புதிய முறையில் இன்னும் 73,632. மொத்தம் 8 லட்சத்துக்கு மேல். இதே 20 லட்சத்தைச் சொந்தப் பெயரில் தனியாள் தொழிலாகக் காட்டினால் 2,08,000. ஏஜென்ட் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்.

"எல்எல்சி பணம் வாங்க மட்டும், நான் அதற்கு இன்வாய்ஸ் போடுகிறேன்" என்று சிலர் செய்கிறார்கள். நடக்கும், ஆனால் சொந்தக் கம்பெனியோடு நடக்கும் பரிவர்த்தனை ஆயிற்றே. தொகை எவ்வளவு சின்னதானாலும் அந்தப் பரிவர்த்தனை பற்றிய ஆடிட்டர் அறிக்கை, படிவம் 3சிஈபி, அக்டோபர் 31-க்குள் போக வேண்டும். விட்டால் 1 லட்சம் அபராதம். அமெரிக்கப் பக்கம் உரிமையாளரோடு நடந்த பரிவர்த்தனையைக் காட்டும் படிவம் 5472-ஐ, பெயருக்கு நிரப்பிய படிவம் 1120-உடன் சேர்த்து ஏப்ரல் 15-க்குள் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்ப வேண்டும். வரி ஒரு டாலர்கூட இல்லாவிட்டாலும் அனுப்பியாக வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர்.

வாலிநோக்கம்:
வரிக்கு முன்னால் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம், இருக்கிறது. உங்கள் பெயரில் எல்எல்சி என்றால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. பணம் போகும் முன்பே வங்கி வழியாக ஃபாரம் எஃப்சி (வெளிநாட்டு முதலீட்டுப் படிவம்) கொடுத்து யுஐஎன் (அந்த முதலீட்டுக்கான அடையாள எண்) வாங்க வேண்டும். பங்குக்கான ஆதாரம் 6 மாதத்துக்குள், அதன்பின் ஆண்டு அறிக்கை ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள். ஏஜென்ட் தளத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கம்பெனி திறப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். நம்மூர்க் கிளையில் ஃபாரம் எஃப்சி என்றால் முழிக்கலாம்; அந்நியச் செலாவணிக் கிளைக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ தனி. அது காலண்டர் வருடக் கணக்கு: 2025 நவம்பரில் திறந்தது 2025-26 ரிட்டர்னில் வரும், 2026 பிப்ரவரியில் திறந்தது அடுத்ததில். கம்பெனிப் பங்கு மட்டுமல்ல, அதன் வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமை இருந்தாலும் காட்ட வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம். அசையாச் சொத்து தவிர்த்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதம் இல்லை.

காக்கா விஷயம் இன்னும் சிக்கல். அவர் நிஜமாகவே அங்கே உட்கார்ந்து தொழிலை நடத்துகிறார், நீங்கள் சந்தை விலைக்கு அவருக்கு வேலை செய்து பில் போடுகிறீர்கள் என்றால் பரவாயில்லை. அப்போதும் அண்ணன் தம்பி சட்டப்படி உறவினர் என்பதால் 3சிஈபி உண்டு. பெயருக்கு மட்டும் அவர் என்றால் அது உங்கள் வருமானம்தான். நம்ம ஊரில் சகஜமாக நடப்பதால் சொல்கிறேன்: விற்பனைப் பணத்தை அவருடைய என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் போட்டு வைக்காதீர்கள். அந்தக் கணக்கு அவர் வெளிநாட்டில் சம்பாதித்ததற்கு. உங்கள் பணம் அதில் கிடந்தால் இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டிவரும். துபாயிலும் 3,75,000 திர்ஹாமுக்கு மேல் லாபத்துக்கு 9% வந்துவிட்டது. ஃப்ரீ ஸோனில் பூஜ்யம் என்பது நிபந்தனைகளைத் தாண்டிய பிறகுதான்.

கீழக்கரை டிசைன்:
அப்போ கம்பெனியே இல்லாமல் கார்டு பணம் வாங்க என்ன வழி?

பாம்பன் கணக்கு:
பேடில் மாதிரி நிறுவனங்கள் தாங்களே விற்பவராக நின்று, ஒவ்வொரு நாட்டு விற்பனை வரியையும் பிடித்துக் கட்டிவிட்டு மீதியை உங்களுக்கு அனுப்பும். கமிஷன் கூடுதல்தான், சந்தா விற்பவருக்கு அது கட்டுப்படியாகும். பேபாலும் ஏற்றுமதி வரவுக்கு ஓடுகிறது. எதுவானாலும் இந்திய நடப்புக் கணக்குக்கே வரட்டும், ஒவ்வொரு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான) சான்றிதழ் இறக்கி வையுங்கள். வரவு 20 லட்சம் தாண்டியதும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்னும் உறுதிமொழியை, அதாவது படிவம் ஆர்எஃப்டி-11, தாக்கல் செய்யுங்கள். அது மார்ச் 31-உடன் காலாவதியாகிவிடும். புது வருடத்தின் முதல் பில்லுக்கு முன்னால் மறுபடி போட வேண்டும்.