ஆசிட் பீரோவில் வெள்ளைப் பொடி படிகிறது, லேபிள்கள் உதிர்கின்றன. என்ன செய்யலாம்?

கேட்பவர்: வேளச்சேரி லேப் அசிஸ்டென்ட்

வணக்கம். ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆய்வகம் தரைத்தளத்தில் இருக்கிறது. திரவங்கள் எல்லாமே ஒரே இரும்பு பீரோவில், ஆங்கில அகர வரிசையில் அடுக்கியிருக்கின்றன. பாட்டில்கள் மேல் வெள்ளையாகப் பொடி படிகிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது. பீரோ துருப்பிடித்துவிட்டது, லேபிள்கள் மஞ்சளாகி உதிர்கின்றன. இரண்டு பாட்டில்களில் பெயரே இல்லை. எது கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாம்பரம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

தம்பி, ஒரு பாட்டிலும் உடைந்திருக்க வேண்டியதில்லை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாக் கரைசலும் ஒரே பீரோவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் இரண்டும் கொஞ்சம் ஆவி விடும். அந்த ஆவிகள் சந்தித்தால் அமோனியம் குளோரைடு, அதுதான் அந்தப் பொடி. பீரோவையும் லேபிளையும் அரிப்பது அமில ஆவி, நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் அதற்குத் துணை.

முதலில் அமோனியாவை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். பொடி நின்றுவிடும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை பொடி இல்லை, நைட்ரிக் அமிலம். அகர வரிசையில் அடுக்கினால் எது எதோடு சேரக்கூடாது என்பதே மறைந்துபோகும். அடர் நைட்ரிக் அமிலம் ஆசிட் மட்டுமல்ல, பிறவற்றை எரியத் தூண்டும் பொருளும்கூட. அசிட்டோன், ஸ்பிரிட், அசிட்டிக் அமிலம் எதன்மேல் சிந்தினாலும் தீப்பிடிக்கலாம். அசிட்டிக் அமிலத்தை ‘ஆசிட்தானே’ என்று நைட்ரிக் பக்கத்தில் வைப்பதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அது ஸ்பிரிட்டோடு இருக்க வேண்டியது. நைட்ரிக்குக் கீழ்த்தட்டில் தனியாக ஒரு பிளாஸ்டிக் ட்ரே கொடுங்கள்.

பெயரில்லாத பாட்டில்களை முகர்ந்து பார்க்காதீர்கள், யூகித்துப் பெயர் எழுதவும் வேண்டாம். ‘என்னவென்று தெரியாது, தொடாதே’ என்று தேதியோடு ஒட்டித் தனியே வையுங்கள்.

மணலி, ஆலைப் பாதுகாப்புப் பிரிவு

ஐயா சொன்னதோடு ஒன்று. புதிய பாட்டில்களில் சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கும், மொத்தம் 9. இரண்டைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெறும் தீச்சுடர் என்றால் அது எளிதில் எரியும் பொருள். வட்டத்தின் மேல் தீச்சுடர் என்றால் பிறவற்றை எரியத் தூண்டும் பொருள். இந்த இரண்டு படமும் ஒரே தட்டில் வரவே கூடாது.

அப்புறம், தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் சோடியம் எங்கே இருக்கிறது? வேளச்சேரி என்கிறீர்கள், 2015 வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது. மண்ணெண்ணெய்க்குள் இருந்தாலும் தரைத்தளத்தின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

வேளச்சேரி லேப் அசிஸ்டென்ட்

மிக்க நன்றி ஐயா, சார். அமோனியாவை மாற்றிவிட்டேன். சோடியம் கீழ்த்தட்டில்தான் இருந்தது, நாளை மாடிக்குப் போகிறது. இன்னொன்று: பின்வரிசையில் பழைய ஈதர் பாட்டில் இருக்கிறது. மூடி ஓரத்தில் படிகம் மாதிரி தெரிகிறது. திறந்து பார்க்கலாமா?

தாம்பரம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

திறக்காதீர்கள்! நகர்த்தவும் வேண்டாம். ஈதர் காற்றுபட்டு நாளானால் பெராக்சைடு உண்டாகும். மூடியைத் திருகும் உராய்வே அது வெடிக்கப் போதும். அறையைப் பூட்டி, மாணவர்களை அந்தப் பக்கம் விடாமல், தலைமை ஆசிரியர் மூலம் தீயணைப்புத் துறைக்கு இன்றே சொல்லுங்கள்.

மணலி, ஆலைப் பாதுகாப்புப் பிரிவு

அதே கருத்துதான். பெயரில்லாத இரண்டையும் ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கும்மிடிப்பூண்டியில் ஆபத்தான கழிவுகளுக்கான பொது மையம் இருக்கிறது, பள்ளி நிர்வாகம் எழுத்தில் கேட்கட்டும்.

புது லேபிளைப் பென்சிலால் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டுங்கள். பேனா மை அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது. பெயர், செறிவு, ஆபத்துப் படம், திறந்த தேதி நான்கும் இருக்கட்டும். ஈதர் விஷயத்தில் அந்தத் தேதிதான் முக்கியம்.