நெட்வொர்க் டிரைவரின் பிழைப் பாதையில் மாட்டிக்கொண்ட அனுபவங்கள் – பகிருங்கள்

இலந்தைக்குளத்தான்

லினக்ஸ் கர்னல் ஒரு டிவைஸை டிரைவரோடு இணைக்கும்போது கூப்பிடும் பங்ஷன் ப்ரோப், கழற்றும்போது கூப்பிடுவது ரிமூவ். ப்ரோப் வெற்றி பெறும் வழியை எல்லோரும் சோதிக்கிறோம். தோற்கும் வழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இன்னும் உறுத்துவதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எல்காட் வளாகத்தில் வேலை. வாடிக்கையாளர் ஒருவரின் போர்டு, சிப் தயாரித்தவர்கள் கொடுத்த ஈதர்நெட் டிரைவர். அதைப் புதிய கர்னலுக்குக் கொண்டுபோவது மட்டும்தான் எங்கள் பொறுப்பு. போர்டில் ரேம் குறைவு, டிவைஸ்களுக்கான தொடர்ச்சியான மெமரிக்கு இருக்கும் சிஎம்ஏ ஒதுக்கீட்டையும் சுருக்கி வைத்திருந்தார்கள். பூட் ஆனது. லாகில் டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஈத்0 என்ற நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் இல்லை. கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பார்த்தால் டிரைவர் அந்த டிவைஸோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, கழற்றி மாட்டலாம் என்று டிரைவர் மாட்யூலை நீக்கும் ஆர்எம்மாட் கொடுத்தோம். சீரியல் கன்சோலில் ஊப்ஸ், அதாவது கர்னலின் விபத்து அறிக்கை, கொட்டியது. ரிஜிஸ்டர்களில் 6பி6பி6பி6பி, 6பி6பி6பி6பி. ஸ்லப் பாய்சனிங் போட்டிருந்தோம். விடுவித்த மெமரியை கர்னல் அந்த பைட்டால்தான் நிரப்பி வைக்கும்.

விஷயம் இதுதான். டிஎம்ஏ ரிங்குக்கு (கார்டும் டிரைவரும் பேக்கெட்டுகளைப் பரிமாறும் வளையம்) மெமரி கேட்கும் பங்ஷன் தோற்றால் நல் தரும், பிழை எண் தராது. அதற்கு முந்தைய அழைப்பு ஜெயித்திருந்ததால் எர்ர் மாறியில் 0 இருந்தது. நல் வந்ததும் கோட்டூ போட்டுக் கீழே சுத்தம் செய்யும் வரிகளுக்குக் குதித்து, நெட்டெவ்வை (இன்டர்ஃபேஸுக்காக கர்னல் வைத்திருக்கும் பதிவு) விடுவித்து, ரிட்டர்ன் எர்ர். அதாவது ரிட்டர்ன் 0. ப்ரோப் ஜெயித்துவிட்டது என்று கர்னல் நம்பிவிட்டது. ரிமூவ் வந்தபோது, இல்லாத நெட்டெவ்வை அன்ரிஜிஸ்டர் செய்யப் போனது. கோட்டூவுக்கு முன்னால் 'எர்ர் = -ஈநோமெம்' (மெமரி இல்லை என்ற பிழை எண்) என்ற ஒரே வரி இல்லை. அந்த டிரைவர் எத்தனை போர்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்பதுதான் என் கவலை.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

தெற்குவாசல்

ஆர்டிஎன்எல் லாக், இன்டர்ஃபேஸ் அமைப்பை மாற்றும்போது கர்னல் பிடிக்கும் பூட்டு. பட்டவர்களுக்கு மீதி புரிந்திருக்கும்.

எங்கள் பகுதியில் கேபிள் நெட் நடத்தும் அண்ணன் ஒருவர், பழைய பிசியில் லினக்ஸ் போட்டு ரவுட்டராக ஓட்டுகிறார். அதில் ஒரு கார்டுக்கு மட்டும் கர்னலில் சேராத வெளி டிரைவர். சித்திரைத் திருவிழா, எதிர்சேவை அன்று சாயங்காலம். லோடு ஏறியதும் 'நெட்டெவ் வாட்ச்டாக்: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்' என்று வந்தது. இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்வோம் என்று கமாண்ட் அடித்தேன், திரும்பவே இல்லை. அடுத்த டெர்மினலில் ஐபி லிங்க் அடித்தால் அதுவும் நின்றுவிட்டது. கன்ட்ரோல்-சி எடுபடவில்லை. பிஎஸ் பார்த்தால் எல்லாமே டி நிலையில், எழுப்பவோ கொல்லவோ முடியாத தூக்கத்தில் இருக்கிறது. அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, "ஏன் தம்பி, கார்டுல லைட்டெல்லாம் மினுக்குதே, நெட்டு எங்க போச்சு? போன் மேல போன் அடிக்கிறாய்ங்க" என்கிறார். அப்போதுதான் 'பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்' என்ற செய்தி வருகிறது.

கோட் பிறகுதான் கிடைத்தது. டைம்அவுட் ஆனால் டிரைவர் ரீசெட் வேலையை வொர்க்க்யூவில் (பிறகு ஓட வேண்டிய வேலைகளின் வரிசை) போடும். அந்த வேலை ஆர்டிஎன்எல் லாக்கைக் கேட்கும். இன்டர்ஃபேஸை டவுன் செய்யும்போது கர்னல் அதே லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவரின் ஸ்டாப்பைக் கூப்பிடும். ஸ்டாப்புக்குள் கேன்சல் வொர்க் சிங்க் இருந்தது, ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது நகராது. லாக்குக்காக வேலை நிற்கிறது, வேலைக்காக லாக் நிற்கிறது. பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டியிருந்தது.

கப்பலூர் சிட்கோ

இலந்தைக்குளத்தாருக்கு: இன்னுமா கோட்டூ ஏணி, படிப்படியாகக் கையால் விடுவிப்பது? டெவ்எம் வசதி கர்னல் 2.6.21-லேயே, அதாவது 2007-ல் வந்தாயிற்று. கேட்டு வாங்கியதை எல்லாம் டிவைஸ் கணக்கில் எழுதிக்கொண்டு, ப்ரோப் தோற்றாலும் ரிமூவ் முடிந்தாலும் கர்னலே தலைகீழ் வரிசையில் விடுவிக்கிறது. மனிதர் கையால் ஏன் எழுத வேண்டும்?

எங்கள் யூனிட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு கேட்வே. சஸ்பெண்ட் போட்டாலும் கரண்ட் இழுப்பது குறையவில்லை. ஹார்டுவேர் ஆட்கள் சாப்ட்வேரைச் சொல்ல, நாங்கள் அவர்களைச் சொல்ல, நாள் ஓடியது. கர்னலின் டீபக் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் கிளாக் சம்மரியைத் திறந்தோம். ஒரே ஒரு டிரைவர் பயன்படுத்தும் கிளாக், எனேபிள் கவுண்ட் 4 காட்டியது. ப்ரோப் முதலில் கிளாக்கை எனேபிள் செய்கிறது, அப்புறம் மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டரைக் கேட்கிறது. ரெகுலேட்டர் இன்னும் தயாராகவில்லை என்றால் -517, அதாவது ப்ரோப் டிஃபர் (பிறகு வா என்ற எண்), அப்படியே ரிட்டர்ன். கிளாக்கை யாரும் அணைப்பதில்லை. பிறகு கர்னல் மறுபடி ப்ரோப்பைக் கூப்பிடும், மறுபடி எனேபிள். கடைசியில் ப்ரோப் ஜெயித்துவிடுவதால் வெளியே எல்லாம் சரியாகத் தெரிகிறது. டெவ்எம்-க்கு மாற்றினோம், அந்தக் கணக்கு 1-க்கு வந்தது.

பசுமலை

கப்பலூர் சொல்வதை முழுதாக ஏற்க முடியாது. நான் பார்த்த மிக மோசமான விபத்து டெவ்எம்மால் வந்ததுதான்.

நெட்டெவ்வைக் கையால் வாங்கி, இன்டரப்டை (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) மட்டும் டெவ்எம்மில் வாங்கியிருந்தார்கள். ரிமூவில் அன்ரிஜிஸ்டர் நெட்டெவ், ஃப்ரீ நெட்டெவ், முடிந்தது. ஆனால் டெவ்எம் தன் பங்கை விடுவிப்பது ரிமூவ் திரும்பிய பிறகு. அந்த இடைவெளியில் இன்டரப்ட் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது, அது தொடும் மெமரிதான் போய்விட்டது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் பழைய முகவரிக்கே தபால் வருகிற கதை. அந்த இன்டரப்ட் லைனை யூஎஸ்பி கன்ட்ரோலரோடு பகிர்ந்திருந்தார்கள். ரிமூவ் நடக்கும்போது ஒருவர் மவுஸை அசைத்தார், மெஷின் செத்தது. மவுஸைத் தொடாமல் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. நம்பவே முடியாமல் எல்லோரும் அந்த மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஷேர்டு ஐஆர்க்யூவை, அதாவது பகிர்ந்த இன்டரப்டைச் சோதிக்கும் டீபக் ஷிர்க் என்ற கான்ஃபிக்கைப் போட்டதும் ஒவ்வொரு முறையும் விழுந்தது. பகிர்ந்த லைனை விடுவிக்கும்போது கர்னலே வேண்டுமென்று ஹேண்ட்லரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்.

நெட்டெவ் பராமரிப்பாளர்களின் வழிகாட்டி ஆவணத்திலேயே, தானாகச் சுத்தம் செய்யும் வசதிகளின் வாக்குறுதிகளை, டெவ்எம் உட்பட, அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள் என்று இருக்கிறது. ஏணி பார்க்க அழகாக இல்லாமல் இருக்கலாம், வரிசை கண்ணுக்குத் தெரிகிறது.

கப்பலூர் சிட்கோ

அது டெவ்எம்மின் குற்றமா, பாதி அது பாதி கை என்று கலந்தவர்கள் குற்றமா? நெட்டெவ்வையும் டெவ்எம்மில் வாங்கியிருந்தால் வரிசை தானாகச் சரியாகியிருக்கும்.

பசுமலை

கலக்காத டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நேப்பி (வந்த பேக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் முறை), வொர்க், டைமர், ஃபர்ம்வேரை நிறுத்துவது, இதில் ஏதோ ஒன்று கையால்தான் வரும். அது வந்த நிமிடமே வரிசையைத் தலையில் வைத்து எண்ண வேண்டும்.

குன்றத்து மாணவி

என்னுடையது சின்னது. திருப்பரங்குன்றம் பக்கம் கல்லூரி. ப்ராஜெக்ட்டுக்காக யூஎஸ்பி ஈதர்நெட் டாங்கிளுக்கு மேல் ஒரு மாட்யூல். வெளித்தேர்வர் வந்திருந்தபோது டாங்கிளை உருவினார். 'அன்ரிஜிஸ்டர் நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார் ஈத்1 டு பிகம் ஃப்ரீ. யூசேஜ் கவுண்ட் = 1'. பத்து வினாடிக்கு ஒருமுறை அதே வரி. மறுபடி செருகினாலும் புது இன்டர்ஃபேஸ் வரவில்லை. ஒரு பிழைப் பாதையில் இன்டர்ஃபேஸைப் பிடித்துவைக்கும் டெவ் ஹோல்டு இருந்தது, விடும் டெவ் புட் இல்லை. குழுவில் யார் எழுதிய வரி என்று இன்றுவரை பேச்சு ஓடுகிறது. கவுண்ட் 1 என்று சொல்கிறதே தவிர, யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லாதா?

ஒத்தக்கடை

தங்கச்சி, சொல்லும். 2022-ல் வந்த 5.17 கர்னலிலிருந்து ரெஃப் டிராக்கர் இருக்கிறது. அதைப் போட்டு, டிராக்கரோடு ஹோல்டு எடுத்தால், எந்த வரியில் எடுத்தது என்று ஸ்டாக்கோடு காட்டும்.

என் அனுபவம் ஒரு வரி: ரீசெட் பாதை தோற்றபோது நேப்பியை ஏற்கெனவே டிசேபிள் செய்திருந்தது, பின்னால் வந்த ஸ்டாப் இரண்டாவது முறை டிசேபிள் செய்தது, அங்கேயே நின்றுவிட்டது. நேப்பி டிசேபிள் இரண்டு முறை கூப்பிடக் கூடியதல்ல.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் மேலே உள்ளவற்றில் பலவற்றை மேசையிலேயே பிடித்திருக்கலாம். கர்னலில் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. அதில் ஃபெயில்-என்த் என்ற கோப்பில் 1 என்று எழுதினால் அந்த டாஸ்க் கேட்கும் முதல் மெமரி ஒதுக்கீடு தோற்கும், 2 என்றால் இரண்டாவது. ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எண்ணை ஏற்றிக்கொண்டே சிஸ்எஃப்எஸ் வழியாக பைண்ட், அன்பைண்ட் செய்யுங்கள். ப்ரோப்பில் மெமரி கேட்கும் ஒவ்வொரு படியும் ஒருமுறை இடறும், அங்கிருந்து கோட்டூ குதிக்கும் லேபிளும் ஒருமுறை ஓடும். காசான் போட்டிருந்தால் விடுவித்ததைத் தொடும் இடம் அங்கேயே கத்தும். சுற்று முடிந்ததும், விடுவிக்காமல் விட்ட மெமரியைத் தேடும் கேமெம்லீக் ஸ்கேன். டிஎம்ஏ மேப்பிங் (மெமரியைக் கார்டு நேரடியாகத் தொடும்படி முகவரி வாங்குவது) கசிவை கேமெம்லீக் பார்க்காது, அதற்கு டிஎம்ஏ டீபக் தனியாக வேண்டும். இலந்தைக்குளத்தாருக்கு விடுபட்ட அந்த வரியை ஸ்மாச் என்ற சோதனைக் கருவி கோடைப் படித்தே சொல்லிவிடும், 'மிஸ்ஸிங் எரர் கோட்' என்று. ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அப்புறம் லேபிளுக்கு எர்ர்1, எர்ர்2 என்று பெயர் வைக்காதீர்கள். நடுவில் ஒரு படியைச் சேர்த்த நாளில் எண் மாறும், தப்பான இடத்துக்குக் குதிப்பீர்கள். அங்கே எதை விடுவிக்கிறீர்களோ அதுவே பெயராக இருக்கட்டும். கர்னல் கோடிங் ஸ்டைல் ஆவணமும் அதைத்தான் சொல்கிறது. ரிஜிஸ்டர் நெட்டெவ் எப்போதும் கடைசிப் படி. அது முடிந்த கணமே வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் இன்டர்ஃபேஸைத் திறக்கலாம், நீங்கள் இன்னும் ரிங் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று காத்திருக்க மாட்டார்கள்.

பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் 2008-ஐப் பாருங்கள். கர்னல் 2.6.27 வெளியாகும் முன் இன்டெல் ஈ1000ஈ நெட்வொர்க் கார்டுகளின் என்விஎம் (கார்டின் அமைப்புகள் இருக்கும் ஃப்ளாஷ்) அழிந்துபோனது. டிரைவரைத்தான் எல்லோரும் சந்தேகித்தார்கள். கடைசியில் காரணம் எஃப்டிரேஸ், கர்னல் பங்ஷன்களைத் தடம்பிடிக்கும் வசதி. மாட்யூலின் இனிட் கோட் விடுவிக்கப்பட்ட பிறகும் அந்த முகவரி அதன் பட்டியலில் இருந்தது, அதே இடத்தில் கார்டின் ஃப்ளாஷ் மேப் ஆகியிருந்தது, அதில் போய் எழுதிவிட்டது.

குன்றத்து மாணவி

நன்றி அண்ணே. இன்னொரு சந்தேகம். பேக்கெட்டை அனுப்பும் ஸ்டார்ட் எக்ஸ்மிட்டில் டிஎம்ஏ மேப்பிங் தோற்றால் டிஎக்ஸ் பிஸி திருப்பலாமா? எங்கள் கோடில் பேக்கெட்டை விடுவித்துவிட்டு பிஸி திருப்புகிறோம்.

மேலூர்

கூடவே கூடாது. பிஸி என்றால் பேக்கெட் இன்னும் மேலே இருப்பவரிடம் (கர்னலின் நெட்வொர்க் அடுக்கு)தான் இருக்கிறது என்று அர்த்தம், அவர் அதையே மறுபடி அனுப்பப் பார்ப்பார். விடுவித்த எஸ்கேபி, அதாவது அந்த பேக்கெட், திரும்ப உங்களிடமே வரும். நான் பார்த்த டிரைவரில் அது பெரிய கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் விழுந்தது, பிங் மணிக்கணக்கில் ஓடும். பேக்கெட்டை விடுவியுங்கள், டிராப் கணக்கில் ஒன்று கூட்டுங்கள், டிஎக்ஸ் ஓகே திருப்புங்கள். அதற்கு முன்னால், அந்த பேக்கெட்டுக்கு ஏற்கெனவே மேப் செய்த துண்டுகளை ஒவ்வொன்றாக அன்மேப் செய்ய வேண்டும். தலைப்பகுதியை மேப் சிங்கிளில் வாங்கியிருந்தால் அன்மேப் சிங்கிள், ஃப்ராக்மென்ட்டுகளுக்கு அன்மேப் பேஜ். ரிங் இண்டெக்ஸையும் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அனுப்பத் தொடங்கு என்று கார்டுக்குச் சொல்லும் டோர்பெல் ரிஜிஸ்டரில் அதுவரை எழுதியிருக்கக் கூடாது.

கோடை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.