அம்மா அப்பா கைக்கு அடங்குகிற போன்: எதை மாற்றினீர்கள், எது கைகொடுத்தது?

நங்கநல்லூர்க்காரன்:

வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். அந்தப் பக்கம், "எதையோ தொட்டேன், எல்லாம் காணாமப் போச்சு." இந்தப் பக்கம், "எத்தனை தடவைம்மா சொல்றது?" யூடியூபில் இதற்கென்று இருக்கும் வீடியோக்களில் பாதி, எழுத்தைப் பெரிதாக்கு என்பதோடு முடிந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரில் வரி விளம்பரம்வரை கண்ணாடி போட்டுப் படித்துவிடுகிறார். அவருக்குத் தகராறு கண்ணில் இல்லை, விரலில்.

வயதானால் தோல் வறண்டுபோகும். தொடுதிரை நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று பார்ப்பதில்லை. விரல் பட்டதும் உண்டாகிற மின்னூட்ட மாற்றத்தைத்தான் உணர்கிறது. காய்ந்த விரல் அதில் சரியாகப் பதியாது. பதியவில்லை என்றால் அம்மா என்ன செய்வார்? காலிங் பெல்லை அழுத்துகிற மாதிரி அழுத்திப் பிடிப்பார். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு, இந்த ஐகானை நகர்த்தவா, நீக்கவா என்று கேட்கும். கையை எடுப்பதற்குள் வாட்ஸ்அப் இரண்டாவது பக்கத்துக்குப் போயிருக்கும்.

செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று ஒன்று இருக்கிறது. அதை 'லாங்' என்று வைத்தேன். விரலை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் போன் அதை நீண்ட அழுத்தமாகக் கணக்கில் எடுக்கும். சாம்சங் போனில் கூடவே 'இக்னோர் ரிபீட்டட் டச்சஸ்' உண்டு. கை நடுங்கி ஒரே இடத்தில் இரண்டு முறை பட்டாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரீன் கார்டு ஒட்டியவர்களுக்காக வைத்திருக்கும் 'டச் சென்சிட்டிவிட்டி'யையும் போட்டுவிட்டேன். கடைசியாக, ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்டைப் பூட்டினேன். இப்போது ஐகான்கள் வைத்த இடத்தில் இருக்கின்றன. எழுத்தின் அளவை நான் தொடவே இல்லை.

உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள். எந்த போன் வாங்கலாம் என்கிற பேச்சு மட்டும் வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது.

மாம்பலம் மருமகள்:

என் மாமனார் போன் ஒரு நாள் திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் அதன் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வருகிறது, அவ்வளவுதான். தள்ளினால் பக்கம் நகரவில்லை. அவர் பயந்துபோய்ப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோக, "வைரஸ் சார், பார்மட் போடணும்" என்றிருக்கிறார்கள். நல்லவேளை, பேரன் படம் எல்லாம் போய்விடும் என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அது வைரஸ் இல்லை, டாக்பேக். பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் இருக்கும் அருமையான வசதி. ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் அது தானாக வருகிற மாதிரி பல போன்களில் அமைந்திருக்கும். மாமா போனைச் சட்டைப் பையில் இறுக்கிச் செருகுகிறவர். கையால் பிடித்து எடுக்கும்போது அழுந்தியிருக்கிறது. அதே இரண்டு பட்டனைப் பிடித்தேன், மௌனமாகிவிட்டது. அப்புறம் ஆக்சசிபிலிட்டியில் அந்தக் குறுக்குவழியையே எடுத்துவிட்டேன்.

இதே மாதிரி, மேலிருந்து கீழே இழுத்தால் வருகிற பட்டியல் இருக்கிறதே, ஏரோப்ளேன் மோடு, டு நாட் டிஸ்டர்ப், டார்ச் எல்லாம் வரிசையாக. நேரம் பார்க்கத் திரையைத் தடவும்போது அவர்கள் கை அங்கேதான் போகும். "ரெண்டு நாளா யாருமே கூப்பிடல" என்று மாமா வருத்தப்பட்டதன் காரணம் ஏரோப்ளேன் மோடு. அந்தப் பட்டியலைத் திருத்த வழி இருக்கிறது; டார்ச், வைஃபை தவிர மற்றதையெல்லாம் முதல் வரிசையிலிருந்து கீழே தள்ளிவிடுங்கள்.

வில்லிவாக்கம், எழுபத்திரண்டு:

நான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற 'பெரியவர்' கட்சி. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் லேத்தில் நின்று ரிட்டயர் ஆனவன். மெஷினைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் எல்லோரும் எங்களுக்கு போன் என்றால் பயம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

எங்களுக்குச் சிக்கல், வைத்தது வைத்த இடத்தில் இல்லாததுதான். என் மகன் நல்லெண்ணத்தோடு 'ஈஸி மோடு' போட்டுக் கொடுத்தான். ஐகான் எல்லாம் பெரிதாகிவிட்டது, சரி. ஆனால் நான் கைப்பழக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த எதுவும் பழைய இடத்தில் இல்லை. புதிதாக போன் வாங்குகிறவருக்கு முதல் நாளே போட்டுக் கொடுத்தால் அது நல்ல வசதி. நாலு வருஷம் பழகியவனுக்கு அது வீடு மாற்றுகிற வேலை. எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, அந்தத் தள்ளல் வேலை. ஓரத்திலிருந்து தள்ளினால் பின்னால் போகும், கீழிருந்து தள்ளினால் முகப்புக்குப் போகும் என்கிறார்கள். திரையில் எந்த அடையாளமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பட்டனை எவன் கண்டுபிடித்தான்? செட்டிங்ஸில் நேவிகேஷன் என்று தேடினால் பழைய மூன்று பட்டன் இன்றும் இருக்கிறது. அதைப் போட்ட பிறகு எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது. தப்பாக எங்கே போனாலும் அம்புக்குறியைத் தட்டித் திரும்பி வந்துவிடலாம் என்ற தைரியம் வந்தது.

மூன்றாவது உங்களுக்கு. சொல்லிக்கொடுக்கும்போது போனை எங்கள் கையிலிருந்து பிடுங்காதீர்கள். 'இங்கே, இங்கே, இதோ' என்று நாலு தட்டுத் தட்டி, "புரிஞ்சுதா?" என்கிறீர்கள். என்ன புரியும்? போன் என் கையில் இருக்கட்டும், வாயால் சொல்லு, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சென்னை மெட்ரோ ரயில் டிக்கெட் எடுக்கிறேன். 2023-லிருந்து வாட்ஸ்அப்பிலேயே கிடைக்கிறது, 83000 86000 என்ற எண்ணுக்கு 'ஹாய்' என்று அனுப்பினால் போதும். தனியாக ஒரு ஆப்பை இறக்க வேண்டியதில்லை என்பதால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

பென்ஷன்காரர்களுக்கு ஒரு தகவல். உயிர்ச்சான்றுக்கு விரல்ரேகை வைக்கும் மெஷினில் என் ரேகை விழவே விழாது. இரும்பைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோனது. 2021-லிருந்து மத்திய அரசு பென்ஷனுக்கு ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஆதார் முகத்தைச் சரிபார்க்கும் ஆப் ஒன்றும் கூடவே வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழுந்தால் ஏற்காது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், முடிந்தது. நவம்பரில் செய்ய வேண்டும். எண்பது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தொடங்கலாம்.

திருவல்லிக்கேணி பூக்கடை வீடு:

ஐயா சொன்ன பிடுங்கல் விஷயம் நூற்றுக்கு நூறு.

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் அடையாளம். போன் பேசுகிற ஐகானும் வாட்ஸ்அப்பும் இரண்டுமே பச்சை, இரண்டிலும் ரிசீவர் படம். அம்மா எதைத் தட்டுவார்? அதனால் முகப்பில் இரண்டையுமே வைக்கவில்லை. ஆட்களை வைத்தேன். கான்டாக்ட் விட்ஜெட்டில் 'டைரக்ட் டயல்' என்று இருக்கும். நான், அக்கா, சித்தி, கோயம்பேட்டிலிருந்து பூ எடுத்து வருகிற அண்ணன், நாலு முகம் நாலு மூலையில். முகத்தைத் தட்டினால் நேராக ரிங் போகும். படம் எடுக்கும்போது ஒவ்வொருவரும் அம்மாவுக்குப் பழக்கமான கோலத்தில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். சித்தி கல்யாணத்தில் எடுத்த படத்தை முதலில் வைத்தேன், "இது யாரு?" என்றார்!

போனை எடுக்கிறதுதான் பெரிய பாடு. பூக் கட்டுகிற கை எப்போதும் ஈரம். வறண்ட கைக்குச் சொன்னது ஈரக் கைக்கும் பொருந்தும், தண்ணீர் பட்ட திரை தாறுமாறாகத்தான் எடுத்துக்கொள்ளும். சாம்சங்கில் ஆக்சசிபிலிட்டிக்குள் 'ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்' போய், வால்யூம் மேல் பட்டனை அழுத்தினால் போன் எடுக்கும், பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் வைக்கும் என்று மாற்றினேன். திரையைத் தொடவே வேண்டாம். அந்த வால்யூம் பட்டனில் குங்குமப்பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

யூடியூபை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, மைக்கைத் தட்டி "எம்ஜிஆர் பாட்டு" என்று அவரே கேட்டுக்கொள்கிறார். குரலில் தமிழ் நன்றாகவே வேலை செய்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவதைவிட மைக் எங்கே என்று காட்டுவதுதான் முதல் வேலை.

அண்ணா நகர்:

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பெரியப்பாவுக்கு வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது" என்றிருக்கிறான். பெரியப்பா, "இருப்பா, ஹியரிங் எய்ட் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனவர், பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா போனை அணைத்துவிட்டார். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27 மன் கி பாத்தில் சொல்லியிருக்கிறார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எண்ணை முகப்பிலேயே வைத்திருக்கிறோம்.

வாட்ஸ்அப் பிரைவசியில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு ரிங் அடிக்காது. குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' வையுங்கள். பணம் வருவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை மட்டும் அடிக்கடி சொல்லுங்கள். பென்ஷன் விழுகிற கணக்கை யூபிஐயில் இணைக்காமல், சின்னத் தொகை இருக்கிற வேறு கணக்கை இணைத்தோம். 2024-இல் வந்த யூபிஐ சர்க்கிளும் இருக்கிறது. பிள்ளையின் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய்வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை அவர்கள் செலவு செய்ய விடலாம். பெரியப்பா அதற்கு ஒப்பவில்லை. "உன் காசுல காய்கறி வாங்கணுமா?" அதுவும் நியாயம்தானே.

ரிச்சி தெருப் பக்கம் கடை:

சர்வீஸுக்கு வருகிற பெரியவர்கள் போனில் நிறைய 'ஹேங் ஆகுது' கேஸ்தான். உள்ளே பார்த்தால் குட் மார்னிங் படம் ஆயிரக்கணக்கில். வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்திவிட்டு, ஸ்டோரேஜில் பெரிய பைல்களை அழித்தால் போன் பிழைத்துக்கொள்ளும். புது போன் தேவையே இல்லை. இதை நான் சொல்வதால் எனக்கு நஷ்டம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய போன் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி. விலை, கேமரா எல்லாம் அப்புறம்.

நங்கநல்லூர்க்காரன்:

வில்லிவாக்கம் ஐயா, அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? அம்மாவுக்கு அதே மாதிரி எழுதிக் கொடுக்கலாம்.

வில்லிவாக்கம், எழுபத்திரண்டு:

படம் வேண்டாம், பக்கத்திலேயே கேஸ் கனெக்‌ஷன் நம்பரும் எல்.ஐ.சி. நம்பரும் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலைதான், அதை மீறக்கூடாது. உங்கள் அம்மாவையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார்.

மகனுக்குப் படம் அனுப்ப:
வாட்ஸ்அப். அவன் முகத்தைத் தட்டு.
கீழே எழுதும் கட்டம். அதில் கேமரா படம், அதைத் தட்டு. மைக்கைத் தொடாதே.
வெள்ளை வட்டம் தட்டினால் படம் எடுக்கும்.
நன்றாக இல்லையென்றால் மேலே பெருக்கல் குறி. திரும்ப எடு.
நன்றாக இருந்தால் கீழே வலது மூலையில் பச்சை அம்பு.
இரண்டு சாம்பல் டிக் வந்தால் போய்ச் சேர்ந்தது. நீலம் ஆனால் பார்த்துவிட்டான்.
பதில் வராவிட்டால் போனில் கோளாறு இல்லை.