அதிகாரிகளை விமரிசித்ததற்குத் தடுப்புக் காவல்: ஆட்கொணர்வு மனுவில் எதை முன்வைப்பது?

சட்ட மாணவன்:
மணிப்பூர்ப் பத்திரிகையாளர் கிஷோர்சந்திர வாங்கெம், முதல்வரைச் சாடி முகநூலில் காணொளி வெளியிட்டதற்காக 2018 நவம்பரில் கைதானார். அந்த வழக்கில் வெளியே வந்த கையோடு, விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளிக்கும் தேசிய பாதுகாப்புச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. 2019 ஏப்ரலில் மணிப்பூர் உயர் நீதிமன்றம் அந்தக் காவல் ஆணையை ரத்து செய்தது. இத்தகைய வழக்குகளில் கருத்துரிமையை முன்னிறுத்தி வாதிடுவது பயன் தருமா, நடைமுறைக் குறைகளைத்தான் நம்ப வேண்டுமா?

பழைய வக்கீல்:
தம்பி, இந்த மனு கையில் வந்தால் நாங்கள் முதலில் புரட்டுவது ஆணையோடு கொடுத்த காகிதக் கட்டைத்தான். காவலுக்கான காரணங்களை விரைவில் தெரிவித்து, முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(5). எனவே ஆதார ஆவணங்களில் ஒரு பக்கம் விடுபட்டாலும், அவை கைதிக்குப் புரியாத மொழியில் இருந்தாலும், அவருடைய முறையீட்டை அரசு காரணமின்றிக் கிடப்பில் போட்டாலும் ஆணை நிற்காது. அலிகார் பல்கலைக்கழக உரைக்காக மருத்துவர் கஃபீல் கானைச் சிறையில் வைத்தபோது, அவருடைய பேச்சு அடங்கிய குறுந்தகட்டைக் கொடுத்தவர்கள் அதை ஓட்டிப் பார்க்க ஒரு கருவியைக் கொடுக்கவில்லை. 2020 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் உரையை முழுவதுமாகப் படித்து, அதில் வெறுப்பையோ வன்முறையையோ தூண்டும் முயற்சி தென்படவில்லை என்றும் எழுதினார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். காகிதக் குறையை முதலில் வையுங்கள்.

நீதிமன்ற வாசகர்:
வக்கீல் ஐயா சொல்லும் வரிசையில் எனக்குச் சற்றே மாறுபாடு உண்டு. சட்டம் ஒழுங்கு வேறு, பொது ஒழுங்கு வேறு என்று ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965லேயே உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது; ஓர் அதிகாரியின் மனம் புண்படுவது இதில் சட்டம் ஒழுங்கு என்ற பெரிய வெளி வட்டத்துக்குள்ளேயே வராது. காஷ்மீர்ப் பத்திரிகையாளர் சஜாத் குல் வழக்கில், அரசின் கொள்கைகளையும் செயல்பாடுகளையும் விமரிசிப்பவர்களைப் பிடித்து அடைக்கும் போக்கு தடுப்புக் காவல் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வெளிப்படையாகச் சொன்னது. குறுந்தகட்டுக் குறையால் கிடைக்கும் விடுதலை, அடுத்த முறை ஆணையைக் கவனமாகத் தட்டச்சு செய்யத்தான் அதிகாரிக்குக் கற்றுக்கொடுக்கும். இருப்பினும், சஜாத் குல் 2022 ஜனவரியிலிருந்து உள்ளே இருந்தார் என்பதும், அதற்கு முன் தனி நீதிபதி அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார் என்பதும் உண்மை.

தேனிக்காரர்:
வென்றாலும் முடிந்துவிடுவதில்லை. சவுக்கு சங்கர்மீது 2024 மே மாதம் போடப்பட்ட குண்டர் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்தது. சில நாட்களிலேயே கஞ்சா வழக்கைக் காட்டி மறுபடியும் அதே சட்டம். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்குச் சாதாரண வழக்குகளே போதும்.

சட்ட மாணவன்:
நன்றி. அப்படியானால் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றம் போவது காலத்தை மிச்சப்படுத்துமா?

பழைய வக்கீல்:
எப்போதும் அல்ல, பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆனால் சாணமும் கோமியமும் கொரோனாவுக்கு மருந்தல்ல என்று எழுதிய மணிப்பூரின் எரென்ட்ரோ லெய்ச்சோம்பாமை, அவருடைய தந்தையின் மனுமீது 2021 ஜூலை 19 அன்று உச்ச நீதிமன்றம் மாலை 5 மணிக்குள் விடுவிக்கச் சொன்னது. அதே விஷயத்துக்காக மறுபடியும் காவலில் இருந்த வாங்கெமின் மனைவி உடனே மணிப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு, 23ஆம் தேதி அவரையும் விடுவித்தார்கள். இதே போன்ற வழக்கில் அண்மையில் வந்த உத்தரவு இருந்தால், அதன் நகலை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.